நுவரெலியா, மார்ச்சின் முதல் சனி ஞாயிறு: காஷ்மீர் ஈப்பிடிப்பானும் மற்ற சண்டைகளும்

தலவாக்கலைத் தகைவிலான் · ஞாயிறு இரவு 8.50

நுவரெலியாவில் வசந்தகாலம் என்றால் ஏப்ரல் என்றுதான் ஊரே நினைக்கிறது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் ஓட்டம், ரோட்டில் நகர முடியாத வாகன வரிசை. பறவைக்காக வருகிறவர்களுக்கு அந்த மாதம் வேண்டவே வேண்டாம். பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நம் காலம். இமயமலைப் பக்கத்திலிருந்து குளிருக்கு வந்தவை இன்னும் கிளம்பவில்லை, நம் மலையிலேயே இருப்பவை கூடு கட்டுகிற நினைப்பில் பாட ஆரம்பித்துவிட்டன, மழையும் குறைவு. இது மூன்றும் ஒன்றாகச் சேர்கிற வாரங்கள் கொஞ்சம்தான். அதற்குள் ஒரு சனி ஞாயிறு வாய்த்தது, மனசு நிறைந்துவிட்டது, அதனால் இந்தப் பதிவு.

சனிக்கிழமை முழுக்க விக்டோரியா பூங்காவை விட்டு அசையவில்லை. 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவை ஒட்டிப் பெயர் வைத்த பூங்கா. நடுவில் பூப்பாத்தி, பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள், சோடி சோடியாகப் படம் எடுப்பவர்கள். பறவை அங்கே இல்லை. பின்பக்கம் ஓர் ஓடை போகிறது, கழிவும் யோகட் கோப்பையும் மிதந்து வருகிற ஓடை, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்த நாற்றத்துக்குத்தான் பூச்சி வருகிறது, அந்தப் பூச்சிக்குத்தான் நம் ஆட்கள் வருகிறார்கள்.

முதலில் வந்தது ஆண் காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஓடைக்கு மேலே துருப்பிடித்த கம்பியில், கைக்கெட்டுகிற தூரம் என்றே சொல்லலாம். தொண்டையிலிருந்து வயிற்றுப் பக்கம் வரை செங்கல் சிவப்பு, அந்தச் சிவப்புக்கு இரண்டு பக்கமும் பிள்ளைக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்பு ஓரம். படக்கென்று வாலைத் தூக்கும், மெதுவாக இறக்கும், தரைக்குப் பாயும், வாயில் எதையோ கவ்விக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும். வாலின் அடியில் இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவும் நுனியும் கறுப்பு. இந்தப் பறவை குஞ்சு பொரிப்பது காஷ்மீரையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் வேறு எங்கும் இல்லை. குளிருக்கு வருவதும் நம் மலைநாட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மட்டும்தான். நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வரும். அத்தனை தூரம் பறந்து வந்து இந்தச் சாக்கடை ஓரத்தில் ஒரு கம்பியைத் தன் சொத்தாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற தன் இனத்தையே துரத்துகிறது.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது கறுப்புவெள்ளைப் பூங்குருவி. இதற்குத்தான் நான் நாள் பூராவும் காத்திருந்தேன். புதருக்கு அடியில் சருகு தானாக நகர்வது போலத் தெரிந்தது, அப்புறம் மஞ்சள் அலகு, கண்ணுக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளைப் புருவம். சருகை ஒரு தரம் இடது பக்கம் எறியும், ஒரு தரம் வலது பக்கம் எறியும், பிறகு அசையாமல் நின்று தலையைச் சாய்த்து மண்ணைப் பார்க்கும். ஏதோ பெரிய வேலையில் இருப்பவர் மாதிரி. யாரோ ஒரு பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு வந்ததும் விருட்டென்று மேலே போய்விட்டது. அதே நேரம் மறுகரையிலிருந்து ஆறுமணிக்குருவி இரண்டு விசில் கொடுத்தது. குரல் மட்டும்தான், ஆள் வெளியே வரவில்லை.

ஞாயிறு காலை ஹாவாஎலியப் பக்கம் கால்வேஸ்லேண்ட். 2006இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சின்னக் காடு, நடந்து சுற்றிவர அதிக நேரம் எடுக்காது, ஆனால் நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணிக் கூட்டம், மங்கல் நீல ஈப்பிடிப்பான், எங்கேயோ சோடியாகக் கூப்பிட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற அரிவாள்மூக்குச் சிலம்பன். எல்லாம் நம் தீவில் மட்டும் இருப்பவை, எல்லாம் ஒரே மரத்தைச் சுற்றி.

சொல்ல வருவது இதுதான். ஓடாதீர்கள். ஒரு நல்ல இடம் பார்த்து உட்காருங்கள்.


பதுளை எக்ஸ்பிரஸ் · ஞாயிறு இரவு 9.20

அண்ணே, பதிவு நல்லாயிருக்கு, ஆனால் நுவரெலியா வரை போய் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகாமல் திரும்பினதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அரெங்கா, அதாவது நம் சீழ்க்கைப் பூங்குருவி, பார்க்க வேண்டாமா? மரப்புறா? புதர்க் கதிர்க்குருவி? இதெல்லாம் சாக்கடை ஓரத்தில் கம்பியில் வந்து உட்காராது. நம் மலைக்கே உரிய பறவை என்றால் அதற்கு மேலே, 2,000 மீற்றருக்கு மேலே போய்த்தான் ஆக வேண்டும்.


தலவாக்கலைத் தகைவிலான் · ஞாயிறு இரவு 9.45

தம்பி, ஹோர்ட்டன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சனி ஞாயிறில் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். விடிய முன்னமே வான் வண்டிகளின் வரிசை. உள்ளே போனதும் எல்லோருக்கும் உலக முடிவு என்கிற செங்குத்து மலை விளிம்புக்கு ஓட வேண்டும், பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் ஏறினால் ஒன்றும் தெரியாது என்ற பயம். அந்தச் சுற்றுப் பாதை 9 கிலோமீட்டர் அளவில். அதில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிற கூட்டத்துக்கு நடுவில் புதர்க் கதிர்க்குருவி எங்கே தலையை நீட்டும்? கிழமை நாளில் லீவு எடுக்க முடிந்தால் போங்கள், நானும் வருகிறேன்.


பதுளை எக்ஸ்பிரஸ் · ஞாயிறு இரவு 10.05

அதற்கும் வழி இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்திலிருந்து வான் பிடிக்காமல் ஒஹியா ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். சமவெளியில் இருக்கிற ஃபார் இன் கட்டடம் வரை 11 கிலோமீட்டர் அளவில் ஏற்றம், பாதி வழி யூகலிப்டஸும் காடும்தான், வாகனம் குறைவு. மரப்புறாவை நான் பார்த்தது அந்த ரோட்டில்தான். கழுத்துப் பின்பக்கம் கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். குரலை முதலில் ஆந்தை என்று நினைப்பீர்கள், அவ்வளவு அடித்தொண்டை. பழம் எங்கே பழுக்கிறதோ அங்கே போகிற பறவை, அதனால் போன மாதம் பார்த்த மரத்தில் இந்த மாதம் தேடிப் பயனில்லை.

புதர்க் கதிர்க்குருவி இன்னும் எளிது, ஆள் இல்லாமல் இருந்தால். பாதை ஓர மூங்கில் புதரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பேராகத்தான் திரியும். கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளிர் மஞ்சளாக இருந்தால் பெண். வேறு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அரெங்காவுக்குப் பட்டிப்பொல வழியில் சாலையோரமாக இருக்கிற அந்தக் குளத்தடிதான். விடிகிற நேரம். நான் போனில் அதன் பதிவு செய்த குரலைப் போட்டேன், இரண்டு நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டது. தோளில் அந்த நீலம் பளிச்சென்று!


கொட்டகலை டீச்சர் · ஞாயிறு இரவு 10.30

குரலைப் போட்டு வரவழைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். அந்தக் குளத்தை ஒரு சோடி தன் எல்லையாக வைத்திருக்கிறது. இன்னொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது சாப்பாட்டை விட்டு வெளியே வருகிறது, உங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வரவில்லை. நீங்கள் ஒருவர் என்றால் சரி. ஒவ்வொரு வானில் வருகிறவரும் அதே இடத்தில் நிறுத்தி அதே குரலைப் போட்டால்? ஆபத்து நிலையில் இருக்கிற இனம் அது, உலகத்திலேயே நம் மலைக்காட்டை விட்டால் வேறு இடம் கிடையாது.


பதுளை எக்ஸ்பிரஸ் · ஞாயிறு இரவு 10.41

ஒரே ஒரு தரம்தான் டீச்சர், அதுவும் மெதுவாக. எல்லா வழிகாட்டிகளும் செய்கிறார்கள்.


நுவரெலியா வழிகாட்டி · திங்கள் அதிகாலை 5.15

எல்லா வழிகாட்டிகளும் என்று சொன்னதால் எழுதுகிறேன். நான் இந்த வேலை செய்துதான் வீடு நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கையில் ஒரு பட்டியல் வைத்திருப்பார், நம் தீவுக்கே உரிய 30க்கும் மேற்பட்ட இனத்தில் எது எது பாக்கி என்று. அவருக்கு நுவரெலியாவில் ஒரு ராத்திரி, ஒரு காலை. அரெங்கா வரவில்லை என்றால் வேனில் திரும்பும்போது யாரும் பேச மாட்டார்கள். கையில் வைக்கிற காசும் குறையும், நாளைக்கு இணையத்தில் எழுதுகிற இரண்டு வரியும் குறையும். ஸ்பீக்கரைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லி அவர்களே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு வயிற்றில் கொஞ்சம் பலம் வேண்டும்.

இருந்தாலும் டீச்சர் சொல்வது சரி. தேசியப் பூங்காவுக்குள் விலங்கைத் தொந்தரவு செய்வது 1937ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், அது ஒரு பக்கம். தொழிலாகப் பார்த்தாலும் நட்டம்தான். அடிக்கடி குரல் கேட்ட பறவை கொஞ்ச நாளில் பதில் சொல்வதை நிறுத்திவிடுகிறது, அப்புறம் குரல் போட்டாலும் வராது, போடாவிட்டாலும் வராது. நான் இப்போது செய்வது என்னவென்றால், முதல் நாள் இரவே வந்தவர்களிடம் சொல்லிவிடுவேன்: காலை ஐந்தரைக்கு இடத்தில் நிற்க வேண்டும், வாகன லைட்டும் எஞ்சினும் நிறுத்த வேண்டும், கதவை அடிக்கக் கூடாது, ஆறேகால் வரை யாரும் பேசக் கூடாது. கண்ணுக்கு முன்னால் காது கேட்கும். மெல்லிய, நீளமான, கூர்மையான ஒரு சீழ்க்கை, ஓடைச் சத்தத்துக்கு மேலே ஏறி வரும். ஆண் கருநீலம், பெண் பழுப்பு. வெயில் விழுந்ததும் உள்ளே போய்விடும். அதற்கு மேல் நின்று பயனில்லை, டீ குடிக்கப் போகலாம்.

கிடைக்காத நாளும் உண்டு. அதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.


பதுளை எக்ஸ்பிரஸ் · திங்கள் காலை 7.30

சரி அண்ணே. ஐந்தரைக்கு நிற்கச் சொல்கிறீர்கள், அந்தக் குளிரில்! பார்ப்போம்.


ஏழாம் நம்பர் மலை · திங்கள் பகல் 12.40

நான் எழுதலாமா தெரியல, நான் பறவை பார்க்கப் போகிற ஆள் இல்லை, கொழுந்து எடுக்கிற ஆள். மகன் போனில் இதைக் காட்டினான். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாம் நுவரெலியா, ஹோர்ட்டன் என்று போகிறீர்கள். எங்கள் நிரையிலேயே எவ்வளவு இருக்கு. இந்த மாதம்தான் கொண்டைக்குருவி தேயிலை வாதுக்குள்ளே, செடிக்குள்ளே, கூடு வைக்க ஆரம்பிக்கும். கையை வைத்ததும் முகத்துக்கு நேரே படபடவென்று பறந்தால் அங்கே முட்டை இருக்கு என்று அர்த்தம். வாதை விலக்கிப் பார்த்தால் காய்ந்த புல்லில் சின்னக் கிண்ணம், அதில் இரண்டு மூன்று முட்டை, ரோஸ் நிறத்தில் செம்பழுப்புப் புள்ளி, ஒரு பக்கம் புள்ளி கூடச் சேர்ந்திருக்கும். நாங்கள் அந்த வாதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவோம். பக்கத்து நிரைக்காரிக்கும் சொல்லிவிடுவோம். கங்காணி கேட்டால் குளவி என்று சொல்வதும் உண்டு, குளவி என்றால் யாரும் கிட்ட வர மாட்டார்கள்.

தேயிலைச் செடியை மொட்டையாகக் கவ்வாத்து வெட்டுகிற மலையில்தான் பாவம். அங்கே ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் போய்விடும். வெட்டின அடுத்த நாள் பார்த்தால் வேறு ஒரு சின்னக் குருவி, உடம்பெல்லாம் கறுப்பு, இறக்கையில் மட்டும் வெள்ளை, மொட்டை வாதின் உச்சியில் உட்கார்ந்து கத்தும். அது என்ன?

பெரிய கறுப்புக் கழுகு ஒன்று மரங்களுக்கு மேலே மிக மெதுவாக, சிறகே அடிக்காமல் போகும். அது வந்தால் மொத்த மலையும் அமைதியாகும். குருவிகளைச் சொல்கிறேன், எங்களைச் சொல்லவில்லை.


தலவாக்கலைத் தகைவிலான் · திங்கள் பிற்பகல் 1.15

அக்கா, இந்த இழையிலேயே நீங்கள் எழுதினதுதான் பெரிய விஷயம். நாங்கள் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பார்ப்பதை நீங்கள் வேலை நாள் எல்லாம் பார்க்கிறீர்கள். கூட்டுக்குக் குளவி என்று சொல்லிக் காவல் வைப்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அந்தக் கறுப்புக் குருவி கறுப்புவெள்ளைப் புதர்ச்சிட்டு, ஆண். பெண் பழுப்பாக இருக்கும், வாலுக்கு மேலே செம்மை. திறந்த இடம்தான் அதற்கு வேண்டும், மொட்டை வெட்டின மலை அதற்கு வசதி. பெரிய கழுகு பெரும்பாலும் கருங்கழுகுதான். கால் மஞ்சளாகத் தெரிந்ததா, சிறகு அடியில் ஒடுங்கி நுனிப்பக்கம் அகலமாக விரிந்ததா என்று அடுத்த தடவை பாருங்கள். மெதுவாகப் போவது மரத்து உச்சியில் கூடு தேடுவதற்கு. முட்டையும் குஞ்சும்தான் அதன் சாப்பாட்டில் பெரும் பங்கு. அதனால்தான் மலை அமைதியாகிறது.


மன்னார்க் காற்று · திங்கள் மாலை 6.10

வங்காலைப் பக்கம் இருந்து ஒரு பொறாமைக் குறிப்பு. எங்களிடம் பூநாரையும் ஊசிவால் வாத்தும் ஆயிரக்கணக்கில் நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு கெமராவைத் திருப்பினாலும் பறவை விழும். ஆனால் மார்ச்சில் வாத்துகள் கிளம்பத் தொடங்கிவிடும், பிறகு வெயிலும் உப்பும்தான். நீங்கள் ஒரு குருவிக்காக நாள் முழுக்க ஓடையடியில் நின்றேன் என்கிறீர்கள், அது எங்களுக்கு வேறு உலகம். அடுத்த வருடம் பெப்ரவரி கடைசியில் நான் ஏறி வருவதாக இருக்கிறேன். என்னிடம் ஒரு 10×25 சின்னப் பைனாகுலர் இருக்கிறது, போதுமா?


கண்டி கண்ணாடிக்காரர் · திங்கள் இரவு 8.00

போதாது. காரணம் சொல்கிறேன். முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். உங்களுடையது 25ஐ 10ஆல் வகுத்தால் 2.5 மில்லிமீற்றர். மன்னார் வெயிலில் கண்மணியே சுருங்கி அந்த அளவுக்கு வந்துவிடும், அதனால் குறை தெரியாது. மலைக்காட்டில் காலை ஐந்தே முக்காலுக்கு, பனிமூட்டத்தில், புதருக்கு அடியில் பார்க்கும்போது கண்மணி விரிந்திருக்கும். அப்போது 8×42 கொடுக்கிற 5.25 மில்லிமீற்றர் எங்கே, இது எங்கே. 10×42 வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், அது 4.2 வரும், பரவாயில்லை, ஆனால் பத்து மடங்கில் கைநடுக்கமும் பத்து மடங்கு. காட்டில் பறவை கிட்டத்தில்தான் இருக்கும், எட்டு போதும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நம் மலையில் பைனாகுலரைக் கொல்வது பூசணம். உள்ளே கண்ணாடியில் வலை பின்னியது மாதிரி ஒரு வெள்ளை நூல் படரும், வந்துவிட்டால் கழற்றித் துடைக்க ஆள் கிடைப்பது கஷ்டம், காசும் கூட. மழைக்குப் பிறகு தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பக்கெட். அரிசிக்குள் புதைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தவிடு போய்த் திருகும் இடத்தில் உட்காரும்.


மன்னார்க் காற்று · திங்கள் இரவு 8.20

ஐயா, நன்றி. காசு சேர்க்க ஒரு வருடம் இருக்கிறது.


கொட்டகலை டீச்சர் · திங்கள் இரவு 9.10

எனக்கு ஒரு உதவி வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சப் பேரை இந்த மாதமே விக்டோரியா பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள். எங்கள் வீட்டில் குருவி இருக்கு மிஸ் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை கொண்டுவருகிறார்கள். ஒரு பிள்ளை சொன்னது: லயத்து வராந்தாவில் டியூப் லைட்டுக்கு மேலே மண் உருண்டை ஒட்டி ஒரு கூடு, வருகிற குருவிக்குத் தொண்டை செம்பழுப்பு, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைச் சேற்றில் இறங்கி மண் எடுத்துக்கொண்டு வருகிறது. அது தகைவிலான்தானே? வீட்டில் அப்பா லைட் போடுவதையே நிறுத்திவிட்டாராம், சூடு படும் என்று.

இன்னொரு பிள்ளை பீலிக்கரையில் மஞ்சள் வயிற்றுக் குருவி வாலை ஆட்டிக்கொண்டே நடந்தது என்கிறாள். அதே இடத்தில் வேறு ஒரு நாள் நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட ஒன்றும் வாலை ஆட்டியதாம். இரண்டும் ஒன்றா?


தலவாக்கலைத் தகைவிலான் · திங்கள் இரவு 9.35

டீச்சர், வராந்தாக் கூடு மலைத் தகைவிலான். என் பெயருக்கு அதுதான் காரணம். மற்றத் தகைவிலான்களில் வடக்கேயிருந்து குளிருக்கு வந்து திரும்புவதும் உண்டு, இது இங்கேயே இருந்து இங்கேயே குஞ்சு பொரிப்பது. அந்த அப்பாவுக்கு என் வணக்கம்.

வாலாட்டி விஷயத்தில் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வால் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? மேலும் கீழும் ஆட்டினால் சாம்பல் வாலாட்டி, ஓடையும் பீலியும் அதற்கு வீடு. இடமும் வலமும் ஆட்டினால், இடுப்போடு சேர்த்து முழு உடம்பும் ஆடுகிற மாதிரி இருக்கும், அது கொடிக்கால் வாலாட்டி. நெஞ்சில் இரண்டு பட்டையும் அதற்குத்தான். இரண்டும் குளிருக்கு வந்தவை, ஏப்ரல் கடைசிக்குள் இரண்டையும் காண முடியாது.


கொட்டகலை டீச்சர் · செவ்வாய் மாலை 4.20

கேட்டேன். வாயால் சொல்லாமல் வகுப்புக்கு முன்னால் வந்து இடுப்பை ஆட்டிக் காட்டினாள், மொத்த வகுப்பும் சிரித்தது. கொடிக்கால் வாலாட்டிதான்.


ஏழாம் நம்பர் மலை · செவ்வாய் இரவு 7.45

எங்கள் மாட்டுக் கொட்டில் பக்கம் இடுப்பாட்டுகிற அந்தக் குருவி வரும். சாணத்தைக் கிளறிப் புழு எடுக்கும். இனிமேல் பெயர் சொல்லலாம்.

இன்று கருங்கழுகு வந்தது. கால் மஞ்சள். பார்த்தேன்.


பதுளை எக்ஸ்பிரஸ் · செவ்வாய் இரவு 8.15

டீச்சர், பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நாளில் நானும் வரலாமா? பெண் காஷ்மீர் ஈப்பிடிப்பானைச் சரியாகப் பிரிக்க எனக்கு இன்னும் வரவில்லை. சிவப்பு இல்லாமல் சாம்பல் பழுப்பாக ஒன்று நின்றால் என்ன வைத்துச் சொல்வது?


நுவரெலியா வழிகாட்டி · செவ்வாய் இரவு 9.00

தம்பி, வாலைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள். பெண்ணுக்கும் இளம் ஆணுக்கும் அதே கறுப்பு வால், அதே அடி வெள்ளை, அதே படக்கென்ற தூக்கல். நெஞ்சில் சில சமயம் லேசாகச் செம்மஞ்சள் ஏறியிருக்கும், இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குரல் குட்டையாக, கூர்மையாக ஒரு வெட்டு, சில நேரம் கடகடவென்று உருளும். பக்கத்திலேயே உட்கார்கிற நம் பழுப்பு ஈப்பிடிப்பானுக்கு வாலில் வெள்ளை கிடையாது, பெரிய கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் இருக்கும், அதோடு குழப்பாதீர்கள்.

டீச்சர், கிழமை நாளில் வாருங்கள். திறக்கிற நேரத்துக்கே வந்துவிட்டால் பத்து மணிக் கூட்டத்துக்கு முன் பார்த்துவிடலாம். ஹட்டன் நுவரெலியா பஸ்ஸில் வந்தால் டவுனில் இறங்கி நடக்கிற தூரம்தான். நான் பின்பக்க ஓடையடியில் நிற்பேன், பிள்ளைகளிடம் காசு வாங்க மாட்டேன். என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது, கண்டி ஐயா பழையது ஏதாவது கொடுத்தால் பிள்ளைகள் அடித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள், வெள்ளைச் சட்டை வேண்டாம். அந்தப் புதர் இருட்டில் வெள்ளை நகர்ந்தால் பூங்குருவி அன்றைக்கு வெளியே வராது.


கண்டி கண்ணாடிக்காரர் · செவ்வாய் இரவு 9.20

ஒரு 8×40 பழையது சும்மா கிடக்கிறது. பூசணம் இல்லை. பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன், முகவரியைத் தனியாக அனுப்புங்கள்.


கொட்டகலை டீச்சர் · செவ்வாய் இரவு 9.40

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதுளைத் தம்பி தாராளமாக வரலாம், ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டு. வெள்ளைச் சட்டைதான் பிரச்சினை. பள்ளிக்கூட நாளில் யூனிஃபோர்ம் இல்லாமல் வெளியே கூட்டிப்போக அதிபரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் பூங்குருவி பயப்படும் என்று எழுதினால் கையெழுத்து கிடைக்குமா என்று நாளைக்குத் தெரியும்.